கொலையற்ற மாமிசமும் கொல்லா விரதமும்

மாமிசம் புசிப்பதில்லை என்று விரதம் பூண்ட ஒருவர், எந்தப் பிராணியையும் கொல்லாமல் உண்டாக்கப்பட்ட மாமிசத்தைப் புசிக்கலாமா? முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை எவரேனும் எழுப்பியிருந்தால், முயற்கொம்பின் நீளத்தை அளக்கப் புறப்பட்டவர் என்று அவரைப் பரிகசித்திருப்போம். இன்று அவ்விதம் பரிகசிப்பதற்கில்லை. முயலுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அளக்க வேண்டிய பொறுப்பும் நம்மைச் சார்ந்துவிட்டது.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதியன்று, ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்க் போஸ்ட் என்பார், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மாட்டு மாமிசத்தாலான வடை ஒன்றை லண்டன் மாநகரில் பத்திரிகை நிருபர்கள் முன்னிலையில் சமைத்துக் காட்டச் செய்தார். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் சர்க்கார், உலகிலேயே முதன்முதலாக, இம்முறையில் வளர்த்த கோழி மாமிசத்தை விற்க அனுமதி தந்தனர். 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விவசாய இலாகா இரண்டு கம்பெனிகளுக்கு அவ்வாறே அனுமதி வழங்கிற்று. 2024 ஜனவரியில் இஸ்ரேல் தேசம் மாட்டு மாமிசத்துக்கும் இடங்கொடுத்தது. அதே மாதத்தில் நமது தேசத்திலேயே, கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி ஸ்தாபனம், தனியார் கம்பெனி ஒன்றுடன் கூடி, மீன் மாமிசத்தை இவ்விதம் வளர்த்தெடுக்க உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே, இஃது எங்கோ தூர தேசத்தில் நடக்கும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

மாமிசம் உண்பவர்களுக்கு இதில் தர்மசங்கடம் ஏதுமில்லை. ருசியும் விலையும் திருப்தியாயிருந்தால் வாங்குவார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். சங்கடமெல்லாம் மாமிசத்தை விலக்கியவர்களுக்கே. "கொல்வது பாவம், ஆகையால் உண்பதில்லை" என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்திருக்கிறார்கள். அந்தக் காரணத்தையே இப்பொழுது விஞ்ஞானிகள் நீக்கிவிட்டதாகச் சொல்லுகிறார்கள். காரணம் நீங்கிய பின் காரியம் மட்டும் நிற்கலாமா? இதற்கு விடை கூற வேண்டுமாயின், நாம் எதற்காக விலக்கினோம் என்பதை முதலில் நம் மனசாட்சியின் முன் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

செய்முறை யாது?

நியாயஸ்தலத்தில் எந்த வழக்கிலும் முதலில் சம்பவம் இன்னதென்று தெளிவாக வேண்டும். சட்டம் அதன் பிறகுதான். ஆகவே இம்மாமிசம் எவ்விதம் உண்டாகிறதென்று பார்ப்போம்.

உயிருள்ள ஒரு பிராணியை மரத்துப்போகும்படி மருந்திட்டு, அதன் தசையிலிருந்து சிறு துணுக்கு ஒன்றை எடுக்கிறார்கள். சில கம்பெனிகள் கருவுற்ற முட்டையிலிருந்தும் எடுக்கின்றன. அத்துணுக்கிலுள்ள உயிரணுக்களுள் புதிய தசையை உண்டாக்கும் ஆற்றல் படைத்தவை உண்டு. நமக்குக் காயம் பட்டால் தசை மீண்டும் கூடுவது இவற்றாலேயே. அவற்றைப் பிரித்தெடுத்து, சர்க்கரை, உப்புக்கள், புரதத்தின் மூலக்கூறுகள், வளர்ச்சியைத் தூண்டும் வஸ்துக்கள் ஆகியவை கலந்த போஷாக்குத் திரவத்தில் இடுகிறார்கள். உடலின் வெப்பத்திலேயே கலன்களில் வைத்துக் காத்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகி, பின்னர் நார் நாராகத் தசை உருக்கொள்ளுகிறது. லண்டனில் சமைக்கப்பட்ட அந்த ஒரு வடைக்கு ஏறக்குறைய 20,000 தசை நார்கள் தேவைப்பட்டன. செலவு சுமார் 2,50,000 யூரோ. அப்பணத்தைக் கொடுத்துதவியவர் கூகிள் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஸெர்கே பிரின்.

அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற கம்பெனிகளுள் ஒன்றை 2015-ஆம் ஆண்டில் நிறுவியவர்களுள் முக்கியமானவர் டாக்டர் உமா வாலேட்டி. விஜயவாடாவில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மர் வைத்தியக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று இருதய வைத்தியராக விளங்கியவர் அவர். இருதய நோயாளிகளுக்கு உயிரணுக்களைக் கொண்டு தசையைப் புதுப்பிக்க முயலும் சிகிச்சையைக் கண்டு, அதே வழியில் உணவுக்கும் மாமிசத்தை வளர்க்கலாகாதா என்று அவர் சிந்தித்தார். நம் பக்கத்துக் கல்லூரியில் பயின்றவர் ஒருவருடைய சிந்தனை இன்று நம் அடுக்களையின் வாசலிலேயே வந்து நிற்கிறது.

சாட்சியத்தின் குறை

"கொலையற்ற மாமிசம்" என்பது வாதியின் கட்சி. அதை அப்படியே ஒப்புக்கொள்ளுவது நியாயவாதிக்கு அழகன்று. குறுக்கு விசாரணையில் ஒரு விஷயம் வெளிவருகிறது.

அணுக்கள் வளரும் திரவத்தில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த முக்கியமான பொருள் கன்றுக் கருவின் சீரம் என்பது. சினையாயிருக்கும் பசு கசாப்புச்சாலையில் வெட்டப்படும்பொழுது, அதன் வயிற்றிலுள்ள கருவின் இருதயத்தில் ஊசியைச் செலுத்தி இரத்தத்தை எடுத்து, அதினின்று தெளிந்த நீரைப் பிரிப்பார்கள். தாய் இறந்தது; பிறவாத கன்றும் இறந்தது. அவற்றின் இரத்தத்தால் வளர்ந்த தசையைக் "கொலையற்றது" என்று கூறுவது, திருட்டுப் பணத்தால் கட்டிய சத்திரத்தைத் தர்மசத்திரம் என்று அழைப்பதை ஒக்கும். 2013-ஆம் ஆண்டின் வடையும் இந்தச் சீரத்தினால் வளர்ந்ததே. போதாக்குறைக்கு, அவ்வடையைப் பக்குவப்படுத்துவதற்கு ரொட்டித் தூளோடு முட்டைத் தூளும் கலந்தார்கள். சிங்கப்பூரில் முதலில் விற்பனைக்கு வந்த கோழி மாமிசமும் இச்சீரம் கலந்தே தயாரிக்கப்பட்டது.

ஆனால் பிரதிவாதத்தை முழுதும் கேளாமல் தீர்ப்புக் கூறுவதும் நியாயமன்று. சீரம் விலையேறியது; கிடைப்பதும் அரிது; ஒருமுறை போல் மறுமுறை இராது. ஆகவே கருணையினால் இல்லாவிடினும் லாபத்தைக் கருதியாவது அதைக் கைவிடக் கம்பெனிகள் முயன்றன. சீரமில்லாத திரவத்தில் வளர்த்த மாமிசத்துக்குச் சிங்கப்பூர் சர்க்கார் 2023 ஜனவரியில் அனுமதி அளித்தனர். மற்றக் கம்பெனிகள் சிலவும் அவ்வழியையே பற்றியிருக்கின்றன.

ஆதலால் "ஆய்வுக்கூட மாமிசம்" என்று ஒரே பெயரால் அழைத்து, ஒரே தீர்ப்புக் கூறுவது தவறு. ஒவ்வொன்றையும் குறித்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதல் அணு எங்கிருந்து, எவ்விதம் எடுக்கப்பட்டது? அது எதை உண்டு வளர்ந்தது? அதற்காக இன்னமும் பிராணிகளை வளர்ப்பதும் வதைப்பதும் நடைபெறுகின்றனவா? இம்மூன்றுக்கும் கறையற்ற விடை கிடைக்காத வரையில், ஜீவகாருண்யத்தை விரதமாகக் கொண்டவர் அதைத் தீண்டுவதற்கில்லை. இதில் அபிப்பிராய பேதத்துக்கே இடமில்லை. கறையற்ற விடை கிடைத்த பின்னர் என்ன செய்வது என்பதே உண்மையான பிரச்னை.

விலக்கியது எதற்காக?

நம் நாட்டில் மாமிசத்தை விலக்கியவர்கள் அனைவரும் ஒரே காரணத்தால் விலக்கியவர்கள் அல்லர்.

சிலர் உயிர்களிடத்துள்ள இரக்கத்தால் விலக்கினர். திருவள்ளுவர் "புலால் மறுத்தல்" என்னும் அதிகாரத்தை "அருளுடைமை" என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். மாமிசம் அசுத்தமானது என்பதை அவர் தமது முதல் வாதமாக வைக்கவில்லை. பிற உயிரின் உடலைத் தின்று தன் உடலைப் பெருக்குகிறவனிடம் அருள் எவ்வாறு தங்கும் என்று கேட்கிறார்; மாமிசத்தை வேறோர் உயிருக்கு நேர்ந்த காயமாகப் பார்க்கச் சொல்லுகிறார். "நான் கொல்லவில்லை, விலைக்குத்தானே வாங்கினேன்" என்று தப்பித்துக்கொள்பவரையும் அவர் விடுவதில்லை. வாங்குவோர் இல்லையேல் விற்பாரும் இலர் என்று பொருளாதார சாஸ்திரியைப்போல் வாதிக்கிறார். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சீரமின்றி வளர்ந்த தசை எந்த உயிரின் காயம்? ஊசி முனையளவு துணுக்கு எடுத்த இடத்தில் ஆறிப்போன வடு ஒன்றைத் தவிர வேறு காயம் காண்பது அரிது.

வேறு சிலர் குல வழக்கத்தால் விலக்கினர். தாத்தா உண்ணவில்லை, தகப்பனார் உண்ணவில்லை. ஆகவே தாமும் உண்பதில்லை. மாமிசத்தைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் அருவருப்பு உண்டாகிறது. இதில் பிழை ஒன்றுமில்லை. எவர் எதை உண்பது, எதை உண்ணாமலிருப்பது என்பது அவரவர் உரிமை. ஆனால் இவ்வருவருப்புக்கு அஹிம்ஸை என்று பெயர் சூட்டி, அதைக் கொண்டு பிறரைத் தாழ்வாக மதிப்பதற்கு மட்டும் உரிமை இல்லை. மாமிசம் உண்பவன் கீழானவன், அவனோடு சமபந்தி கூடாது, அவனுக்கு வீடு வாடகைக்குத் தரலாகாது என்ற எண்ணங்கள் நம் சமூகத்தில் இன்றும் மறையவில்லை. கேட்டால், "ஜீவஹிம்ஸைக்கு உடன்பட முடியாது" என்று காரணம் கூறுவார்கள். நல்லது, ஹிம்ஸையே இல்லாத மாமிசத்தை அண்டை வீட்டார் சமைக்கும் நாள் வந்தால் அவரோடு சமபந்தியில் அமர்வார்களா? அப்பொழுதும் மாட்டோம் என்பார்களாயின், இதுகாறும் அவர்களைத் தடுத்து வந்தது கருணையன்று, ஜாதி கர்வமே என்பது ருசுவாகிவிடும்.

மூன்றாவது வகுப்பினர் தேக சௌக்கியத்தைக் கருதி விலக்கினவர்கள். அவர்களுக்கு இது வைத்திய விஷயமேயன்றித் தர்ம விஷயம் அன்று, டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மகாத்மா காட்டிய வழி

விரதம் என்பது ஒருவகை ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் வாசகத்தில் சந்தேகம் உண்டானால் யாருடைய கருத்தின்படி பொருள் கொள்ளுவது? இப்பிரச்னையை மகாத்மா காந்தி தமது இளமையிலேயே தீர்த்து வைத்திருக்கிறார். அவரும் பாரிஸ்டர் அல்லவா?

1888-ஆம் ஆண்டில் சீமைக்குப் புறப்படுமுன், மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று ஜைனத் துறவி ஒருவர் முன்னிலையில் தம் அன்னைக்கு அவர் பிரமாணம் செய்துகொடுத்தார். லண்டனை அடைந்ததும் மாமிசம் என்பதற்கு மூன்று பொருள்கள் கூறுவோரைச் சந்தித்தார். பறவை மிருகங்களின் தசை மட்டுமே மாமிசம், மீன் மாமிசமன்று என்றனர் சிலர். எல்லாப் பிராணிகளின் தசையும் மாமிசமே, ஆயினும் முட்டை சேராது என்றனர் வேறு சிலர். பிராணிகளிடமிருந்து வரும் அனைத்தும், முட்டையும் பாலும் உள்பட, மாமிசமே என்றனர் மற்றும் சிலர். முதற்பொருளை ஏற்றிருந்தால் அவர் மீனும் உண்டிருக்கலாம். இரண்டாவதை நம்பிச் சில காலம் முட்டை உண்ணவும் செய்தார். பிறகு யோசித்துப் பார்த்து, பிரமாணத்தை வாங்கியவர் அன்னை. ஆகவே அன்னையின் மனத்தில் மாமிசம் என்பதற்கு என்ன பொருள் இருந்ததோ, அப்பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தார். அன்னை முட்டையையும் மாமிசத்தில் சேர்த்தவர். ஆதலால் முட்டையும், முட்டை கலந்த பண்டங்களும் அன்றோடு நின்றன.

இத்தீர்ப்பு இன்றைய வழக்குக்கும் பொருந்தும். தாய்க்கோ குருவுக்கோ தெய்வத்துக்கோ வாக்குக் கொடுத்து மாமிசத்தை விட்டவர், "அம்மா சொன்னது வெட்டிய மாமிசத்தைத்தான், இது வளர்த்த மாமிசம்" என்று சந்து தேடுவது முறையாகாது. அந்த அம்மையாரின் முன் இலையில் இதனைப் பரிமாறி, "இது என்ன?" என்று கேட்டால், "மாமிசம்" என்றே விடை கூறியிருப்பார். அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது.

விரதத்தின் எழுத்தைக் காத்து ஆவியைக் கைவிடுவது எவ்வளவு துன்பந் தரும் என்பதற்கும் மகாத்மாவின் சரித்திரமே சாட்சி. 1912-ல் தென்னாப்பிரிக்காவில் அவர் பாலை விட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் கடும் நோயுற்றபொழுது, பால் விரதம் பூண்டபோது தம் மனத்திலிருந்தவை பசுவும் எருமையுமே என்னும் காரணத்தைக் கொண்டு, ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். அதனால் விரதத்தின் எழுத்து மட்டுமே நின்றது, அதன் ஆவி போய்விட்டது என்று அவரே எழுதி வைத்து வருந்தினார். எழுத்தில் வென்று ஆவியில் தோற்பதைத் தோல்வியென்றே கருதினார் அப்பெரியார்.

இங்கு ஒரு சரித்திர விநோதத்தைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1931-ஆம் ஆண்டு நவம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா, அங்குள்ள மரக்கறி உணவுச் சங்கத்தில் பேசுகையில், உடல் நலத்தைக் கருதி மாமிசத்தை விட்டவர்கள் நிலைப்பதில்லை. இவ்விரதத்துக்கு அஸ்திவாரம் தர்மமாகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு அடுத்த மாதமே, அவரை இகழ்ந்து பேசியவரான வின்ஸ்டன் சர்ச்சில், லண்டன் மாதப் பத்திரிகை ஒன்றில் எதிர்காலத்தைப் பற்றி எழுதுகையில், கோழியின் மார்பையோ சிறகையோ தின்பதற்காக முழுக்கோழியை வளர்க்கும் மடமை ஐம்பதாண்டுகளில் ஒழியும். வேண்டிய பாகத்தை மட்டும் தனியே வளர்த்துக்கொள்ளுவோம் என்று ஜோசியம் கூறினார். காலக் கணக்கில் பிழைத்தாலும் விஷயத்தில் அவர் ஜோசியம் பலித்தது. ஆனால் அவர் கண்டது வீண் செலவை. மகாத்மா கண்டது பாவத்தை. இன்று கம்பெனிக்காரர்கள் சர்ச்சிலின் வழியில் வந்து மகாத்மாவின் பாஷையில் பேசுகிறார்கள். வந்த வழி எதுவாயினும், பிராணிகள் பிழைக்குமானால் நமக்குச் சம்மதமே.

முன் தீர்ப்புகள்

தாமே சிந்தித்து, உயிர்களிடத்து இரங்கி, தமக்குத் தாமே விரதம் விதித்துக்கொண்டவர்களின் நிலைமை வேறு. அவர்களுடைய விரதத்துக்குப் பொருள் கூறும் உரிமை அவர்களுக்கே உண்டு. அவர்கள் ஆலோசிப்பதற்கு முன் தீர்ப்புகள் இரண்டு இருக்கின்றன.

நீரிழிவு நோய்க்கு உயிர் காக்கும் மருந்தாகிய இன்ஸுலின், 1920-க்களிலிருந்து நெடுங்காலம் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்ஸுலினைத் தயாரிக்கும் முறை வந்து, 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, கசாப்புச்சாலையின் தயவு அம்மருந்துக்குத் தேவையில்லாமற் போயிற்று. அவ்வாறே, பாற்கட்டி செய்வதற்குப் பாலைத் திரிக்கும் ரென்னெட் என்னும் பொருள், பால்குடி மறவாத கன்றுகளைக் கொன்று அவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. கன்றின் அணுவிலுள்ள வித்தை நுண்ணுயிரில் புகுத்தி அதே பொருளை உண்டாக்கும் முறைக்கு அமெரிக்கா 1990-ல் அனுமதி தந்தது. அன்று முதல் மரக்கறி உணவினர் பலர் இத்தகைய பாற்கட்டியை மனவுறுத்தலின்றி உண்டு வருகிறார்கள். மூலம் கன்றினுடையதுதான், ஆனால் கன்று சாகவில்லை. கன்று சாகாமையே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. ரென்னெட்டுக்கு ஒரு நீதியும் தசைக்கு மற்றொரு நீதியும் கூறுவதானால், அதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு அவர்களைச் சார்ந்தது.

இரண்டு ஆட்சேபங்கள்

பால், முட்டை, தேன் முதலியவற்றையும் விலக்கும் வீகன் கட்சியாரிடையே இவ்விஷயத்தில் பிளவு உண்டாகியிருக்கிறது. 1944-ல் டொனால்ட் வாட்ஸன் முதலியோர் இங்கிலாந்தில் தோற்றுவித்த வீகன் சங்கம், இம்மாமிசத்தின் உற்பத்தியில் பிராணிகள் இன்னமும் உபயோகிக்கப்படுவதால் தாங்கள் அதை ஆதரிப்பதற்கில்லை என்று கூறுகிறது. பிராணி வதைக்கு எதிராகப் போராடும் பீட்டா என்னும் ஸ்தாபனமோ, ஆய்வுக்கூடக் கோழி மாமிசத்தை விற்பனைக்குக் கொண்டுவருபவருக்கு 10 லக்ஷம் டாலர் பரிசளிப்பதாக 2008-லேயே அறிவித்தது. குறித்த காலத்துக்குள் எவரும் அதைப் பெறவில்லை. கொல்லுவது மட்டுமன்று, பிராணியை மனிதனுடைய கருவியாகப் பாவிப்பதே பிழை என்பது முந்திய கட்சி. இக்கட்சியில் உயர்ந்த தர்மம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கமே தனது விரதத்துக்கு இலக்கணம் வகுக்கையில், இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்ற வரம்பையும் சேர்த்திருக்கிறது. ஒரு பிராணியின் சிறு துணுக்கினால் ஆயிரக்கணக்கான பிராணிகள் கத்திக்குத் தப்புமாயின், அத்துணுக்கைப் பற்றிய வழக்கைக் கடுமையாக நடத்துவது கருணைக்கு உகந்ததாகுமா என்பதை அவர்கள் ஆலோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் தேசத்தைப் பற்றியது. ஆடு மாடு கோழிகளை ஏழைக் குடியானவன் தன் கொல்லையில் வளர்க்கலாம். இந்த மாமிசத்தையோ கோடிக்கணக்கான மூலதனமும், காப்புரிமைப் பத்திரங்களும் உடைய கம்பெனிகளே வளர்க்க முடியும். உணவின் ஆதாரம் சிலர் கையில் சிக்கினால் என்ன நேரும் என்பதை, 1930-ஆம் ஆண்டில் ஒரு பிடி உப்புக்காகத் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்த ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இந்த ஆட்சேபம் மெய்யானது. ஆனால் இதற்குப் பரிகாரம், நமது சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் இவ்வித்தையைத் தாமே கற்று நம் ஜனங்களுக்குப் பொதுவாக்குவதேயன்றி, வித்தையையே வெறுப்பதன்று. கொச்சியில் தொடங்கியிருக்கும் முயற்சியை இக்காரணத்தால் நாம் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை

மரக்கறி உணவினர் பிறருடைய இலையைச் சோதிக்குமுன் தங்கள் டம்ளரையும் சற்றுச் சோதித்துக்கொள்ளுவது நலம். உலகத்தில் பால் உற்பத்தியில் முதலிடம் நம் தேசத்துக்கு. பசு ஈன்றால்தான் பால். ஈன்ற கன்றுகளில் பாதிக்குப் பாதி காளைக் கன்று. காளைக் கன்றுக்குப் பால் இல்லை. டிராக்டர் வந்த பிறகு உழவிலும் அதற்கு வேலை குறைந்து போயிற்று. பால் வற்றிய பசுவையும் வேலையற்ற காளையையும் ஏழைக் குடியானவன் எத்தனை நாள் தீனி போட்டுக் காப்பான்? அவை எங்கே போகின்றன என்பதைக் கேட்காமலிருப்பதே நம் காப்பிக்குச் சௌகரியமாயிருக்கிறது.

சட்டமும் இச்சௌகரியத்துக்கு இணங்கியே நடந்திருக்கிறது. உணவுப் பொதிகளில் பச்சைக் குறியிடுவதைப் பற்றிய 2011-ஆம் ஆண்டின் விதிகள், பிராணிகளின் உடலோ, உடற்பகுதியோ, முட்டையோ, அவற்றிடமிருந்து பெறப்படும் பிற பொருள்களோ அடங்கியதை அசைவம் என்று கூறிவிட்டு, பாலையும் பாற்பொருள்களையும் மட்டும் விலக்கிவிட்டன. இவ்விலக்கணப்படி, ஒரு கொலையும் நேராத ஆய்வுக்கூட மாமிசம் அசைவமாகும். கன்றைக் கசாப்புக்கு அனுப்பிய பால் சைவமாகவே நிற்கும். பெயரளவில் இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. வாங்குகிறவர் அறிந்து வாங்குவதற்குக் குறி அவசியமே. ஆனால் பொதியின்மேல் உள்ள குறி தர்மத்தின் தீர்ப்பு என்று மயங்கலாகாது.

தடைச் சட்டங்கள்

2023 நவம்பரில் இத்தாலி தேசம் இம்மாமிசத்தை உண்டாக்குவதையும் விற்பதையும் சட்டத்தால் தடுத்தது. 2024-ல் அமெரிக்காவில் ப்ளோரிடா, அலபாமா என்னும் ராஜ்யங்கள் அவ்வாறே தடுத்தன. வேறு சில ராஜ்யங்கள் பின்தொடர்ந்தன. புராதன வழக்கத்தைக் காப்பதாகவும் குடியானவரைக் காப்பதாகவும் காரணம் கூறப்படுகிறது. கறவை மந்தைக்காரரும் கசாப்புக்காரரும் தங்கள் வியாபாரம் குன்றும் என்று அஞ்சுவது இயல்பு. அவர்களுடைய ஜீவனத்தை மதிப்பதும் சர்க்காரின் கடமையே. ஆனால் வெட்டிய மாமிசம் தாராளமாக விற்கும் கடைத்தெருவில் வெட்டாத மாமிசத்துக்கு மட்டும் கதவடைப்பது விந்தையிலும் விந்தை!

உலகத்தில் உணவுக்காகக் கொல்லப்படும் தரைவாழ் பிராணிகளின் எண்ணிக்கை, மீன்கள் நீங்கலாக, ஆண்டொன்றுக்கு 8,000 கோடிக்கு மேற்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கோழிகள். நடக்கவும் சிறகு விரிக்கவும் இடமின்றி அடைபட்டுக் கிடந்து, சில வாரங்களே வாழ்ந்து மடிபவை அவற்றுள் ஏராளம். புத்தரும் மகாவீரரும் வள்ளுவரும் வள்ளலாரும் கூறிய உபதேசங்கள் கோடிக்கணக்கான மனிதர்களைத் திருப்பியிருக்கின்றன. ஆயினும் இத்தொகை குறையவில்லை, ஆண்டுதோறும் ஏறியே வருகிறது. வாங்குவோர் இல்லையேல் விற்பார் இல்லை என்ற வாதம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் வாங்குவோர் மனம் மாறவில்லை. மனம் மாறாதவர்க்கும் கத்தியில்லாமல் ஒரு வழி பிறக்குமாயின், அதைத் தடுக்கக் கைதூக்குவது ஜீவகாருண்யர்களின் வேலையாக இருத்தல் கூடாது. நம் தேசத்திலும் இத்தகைய தடையைக் கேட்டு ஒரு கூச்சல் எழலாம். அதில் மரக்கறி உணவினர் சேருவார்களாயின், தாங்கள் காக்க விரும்பியது ஆட்டையன்று, ஆசாரத்தையே என்று உலகறியச் சொன்னவர்களாவார்கள்.

நமது தீர்ப்பு

பிறருக்கு வாக்குக் கொடுத்து விலக்கியவர் இதனை உண்ணலாகாது. வாக்கின் பொருள் வாங்கியவருடையது. குல வழக்கத்தால் விலக்கியவர் உண்ண வேண்டுவதில்லை. ஆனால் தம் அருவருப்பை அறமென்று அழைத்துப் பிறரை இகழாதிருக்கட்டும். இரக்கத்தால் விலக்கியவர், சீரமும் கசாப்பும் கலந்திருக்கும் வரையில் தீண்டலாகாது. அவை முற்றிலும் நீங்கிய பின் உண்பாராயின், அவரைப் பாவியென்று கூற நமக்கு வாய் வரவில்லை; உண்ணாது விடுவாராயின், அவரை மூடரென்று கூறவும் வாய் வரவில்லை. பருப்பும் கீரையும் தயிரும் கொண்டு நிறைவாக உண்டு வாழ்பவருக்கு இதனால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இந்தப் பண்டம் அவருடைய இலைக்காக வந்ததன்று. நாளைக்கும் கோழியை வெட்டத் தயாராயிருக்கும் இலைக்காக வந்தது.

ஆகவே அவர் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. தாம் உண்ணாவிடினும் இதை வரவேற்கட்டும்; வரவேற்பதோடு நில்லாமல் இதனிடம் உண்மையைக் கோரட்டும். அணு எங்கிருந்து வந்தது, எந்தத் திரவத்தில் வளர்ந்தது என்பதைப் பொதியின்மேல் தெளிவாக அச்சிட வேண்டுமென்று நமது சர்க்காரை வற்புறுத்தட்டும். சீரம் சேர்ந்ததைக் கொலையற்றது என்று விற்பவரைத் தண்டிக்கச் சட்டம் கேட்கட்டும். விரதத்தின் பெருமை, இலையில் எது இல்லை என்பதில் மட்டும் இல்லை. அவ்விலையினால் உலகத்தில் எத்தனை உயிர் பிழைத்தது என்பதிலேயே இருக்கிறது. இக்கணக்கைக் கேட்கத் துணிந்தவர்களே கொல்லா விரதத்தைக் காத்தவர்களாவார்கள்.